டர்பனில் மூளை வேதியியல் படிக்கப் போகிறீர்களா? எந்த அளவீட்டு முறையை எடுப்பது?

ஆனர்ஸ் முடித்துவிட்டு எம்.எஸ்சி.க்கு மூளை வேதியியல் பக்கம் வர நினைக்கும் பிள்ளைகள் முதலில் கேட்பது இதைத்தான்: "டோபமைனை அளக்க எந்த முறை சிறந்தது, ஆன்ட்டி?" நரம்பணுக்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பும் ரசாயனங்களில் ஒன்றுதான் டோபமைன். டர்பன் பக்கத்துச் சாட்ஸ்வொர்த்திலிருந்தோ டோங்காட்டிலிருந்தோ வரும் தமிழ் வீட்டுப் பிள்ளை என்றால் அந்தக் கேள்விக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு தாத்தாவோ பெரியம்மாவோ இருப்பார். பார்க்கின்சன் நோயில் கை நடுங்கும் தாத்தா, வலிப்புக்கு மாத்திரை சாப்பிடும் பெரியம்மா. அதனால் இந்தக் கேள்வியை நான் லேசாக எடுத்துக்கொள்வதில்லை. இரண்டு ஆண்டுப் படிப்பும் உதவித்தொகையும் இந்த ஒரு முடிவைப் பொறுத்தவை.

என் பதில் எப்போதும் இப்படித்தான் தொடங்கும்: முறையைப் பார்க்கும் முன் வேகத்தைப் பாருங்கள். நீங்கள் காண விரும்பும் மாற்றம் நொடிக்குள் நடப்பதா, அரை மணி நேரத்தில் நடப்பதா, மாதக்கணக்கில் நடப்பதா? இது தெளிவானாலே பாதி முறைகள் தாமாக விலகிவிடும். அப்புறம் எந்த ரசாயனம் என்று பாருங்கள். கருவியும் பணமும் மூன்றாவதாக வரட்டும்.

வேகம் ஏன் முதலில் வருகிறது? இரண்டு நரம்பணுக்களுக்கு நடுவே உள்ள இடைவெளி சுமார் 20 நானோமீட்டர்தான். செய்தி வந்ததும் கால்சியம் உள்ளே பாய்கிறது, ஏறக்குறைய 40 நானோமீட்டர் அகலமுள்ள சிறு பைகள் வெடித்துத் திறக்கின்றன, ஒவ்வொரு பையிலும் இருக்கும் ஆயிரக்கணக்கான மூலக்கூறுகள் அந்த இடைவெளியில் கொட்டுகின்றன. இத்தனையும் ஒரு மில்லி நொடிக்குள் முடிந்துவிடுகிறது. பிறகு டோபமைனை நரம்பணு திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். அசிட்டைல்கோலின் என்ற மற்றொரு செய்தி ரசாயனத்தை ஒரு நொதி அங்கேயே வெட்டிப் போடும். அதே டோபமைன், பார்க்கின்சன் நோயில் பல ஆண்டுகளாக மெல்ல மெல்லக் குறைகிறது. மில்லி நொடிக்கும் ஆண்டுகளுக்கும் சேர்த்து ஒரே கருவி கிடையாது.

திசுவை அரைத்து அளப்பது

பழைய முறை என்று பலரும் ஒதுக்குவது இதைத்தான். எலியின் மூளையை விரைவாக எடுத்து, பனிக்கட்டி மேல் வைத்து வேண்டிய பகுதியை வெட்டி, திரவ நைட்ரஜனில் உறைய வைக்க வேண்டும். பிறகு பெர்குளோரிக் அமிலத்தில் அரைத்து, சுழற்றித் தெளிவை எடுத்து, கலவையைப் பிரித்து அளக்கும் எச்.பி.எல்.சி. கருவியில் செலுத்த வேண்டும். கருவியின் குழாய் வழியே போகும்போது டோபமைன், அது சிதைந்து உண்டாகும் டோபாக், எச்.வி.ஏ., கூடவே செரட்டோனின் என்ற இன்னொரு செய்தி ரசாயனம் எல்லாம் தனித்தனியாகப் பிரிந்து வரும். ஒரே ஓட்டத்தில் இத்தனை எண்களும் கையில் கிடைக்கும்.

குறை என்னவென்றால், இது மொத்த இருப்பைத்தான் சொல்லும். மூட்டையில் எவ்வளவு அரிசி இருக்கிறது என்று தெரியும், இன்று உலையில் எவ்வளவு போட்டார்கள் என்று தெரியாது. திசுவில் உள்ள டோபமைனில் ஏறக்குறைய முழுவதும் பைகளுக்குள் அடைபட்டுக் கிடப்பதுதான். அணுக்களுக்கு வெளியே இருக்கும் அளவு அதைவிட ஆயிரக்கணக்கான மடங்கு குறைவு. அது மட்டுமல்ல, ஒரு விலங்கிலிருந்து ஒரே ஒரு நேரப் புள்ளிதான் கிடைக்கும்.

ஆனால் இந்தக் குறைகளோடு இந்த முறை என்ன செய்தது தெரியுமா? 1960இல் வியன்னாவில் எரிங்கரும் ஹோர்னிகீவிச்சும் பார்க்கின்சன் நோயில் இறந்தவர்களின் மூளைத் திசுவை எடுத்து டோபமைனை அளந்தார்கள். அன்றிருந்தது வெறும் நிறம் மாறும் சோதனை. நோயில்லாதவர் திசுவில் இளஞ்சிவப்பு வந்தது, நோயாளியின் மூளையில் அசைவை ஆளும் ஸ்ட்ரையாட்டம் பகுதியில் நிறமே இல்லை என்று சொல்லும் அளவுக்கு வெளிறிக் கிடந்தது. கண்ணாலேயே தெரிந்த வேறுபாடு. அடுத்த ஆண்டே பிர்க்மேயரும் ஹோர்னிகீவிச்சும் நோயாளிகளுக்கு, மூளைக்குள் டோபமைனாக மாறும் எல்-டோபா ஊசி போட்டுப் பார்த்தார்கள். இன்று தாத்தா விழுங்கும் மாத்திரையின் வேர் அந்த அளவீட்டில்தான் இருக்கிறது. மாதங்களிலும் ஆண்டுகளிலும் நடக்கும் இழப்பு என்பதால் மெதுவான முறையே போதுமானதாக இருந்தது.

உங்கள் கேள்வி பார்க்கின்சனைப் பற்றியது என்றால் இதையே எடுங்கள் என்பேன். 6-ஹைட்ராக்சிடோபமைன் என்ற நச்சை எலி மூளையின் ஒரு பக்கத்தில் செலுத்தினால் அந்தப் பக்க டோபமைன் அணுக்கள் அழியும். மறுபக்கம் அதே விலங்கிலேயே ஒப்பீட்டுக்குக் கிடைக்கும். கண்ணாடி உருளைக்குள் எலியை விட்டு, எந்த முன்னங்காலைச் சுவரில் ஊன்றுகிறது என்று எண்ணலாம். பிறகு திசுவை அளந்தால் நடத்தையும் ரசாயனமும் ஒன்றோடு ஒன்று பொருந்துகிறதா என்று தெரியும். டோபாக்கை டோபமைனால் வகுத்துப் பாருங்கள். அணுக்களில் ஒரு பகுதி மட்டும் அழிந்திருந்தால் அந்த விகிதம் ஏறும், மிச்சமுள்ளவை கூடுதலாக உழைப்பதன் அடையாளம் அது. இரண்டு ஆண்டில் முழுமையாக முடிக்கக்கூடிய ஆய்வு இது.

ஓர் எச்சரிக்கை. நரம்பணுக்களை அடக்கும் ரசாயனமான காபாவுக்கும் அசிட்டைல்கோலினுக்கும் இந்த முறையை நம்பாதீர்கள். உயிர் போன சில நிமிடங்களிலேயே மூளையில் காபா ஏறிவிடும், அசிட்டைல்கோலின் சிதைந்துவிடும். அவற்றை அளக்க வேண்டுமென்றால் நுண்ணலையால் மூளையை ஒரு கணத்தில் சூடாக்கி நொதிகளை நிறுத்தும் தனிக் கருவி வேண்டும்.

மைக்ரோடயாலிசிஸ்

உயிருள்ள விலங்கில், நடமாடிக்கொண்டிருக்கும்போதே அளப்பது இது. 1974இல் உங்கர்ஸ்டெட்டும் பைகாக்கும் வெளியிட்ட வேலை இதற்கு அடிப்படை. அரை மில்லிமீட்டருக்கும் குறைந்த அகலமுள்ள ஒரு குழாயின் நுனியில் சவ்வு இருக்கும். உள்ளே நிமிடத்துக்கு ஒன்று, இரண்டு மைக்ரோலிட்டர் வேகத்தில் உப்பு நீர் ஓடும். வெளியே உள்ள சிறு மூலக்கூறுகள் சவ்வைக் கடந்து உள்ளே வரும், பெரிய புரதங்கள் வராது. பத்து, இருபது நிமிடத்துக்கு ஒரு குப்பியாகச் சேர்த்து எச்.பி.எல்.சி.யில் அளப்பார்கள்.

ஒரு மருந்து கொடுத்த பின் மூன்று மணி நேரத்தில் டோபமைனோ செரட்டோனினோ எப்படி ஏறி இறங்குகிறது என்பதுதான் உங்கள் கேள்வி என்றால் இதைவிட நல்ல முறை இல்லை. எந்த ரசாயனம் என்பதில் குழப்பமே வராது, ஏனென்றால் குழாய் பிரித்துக் கொடுத்துவிடுகிறது. ஒரே குப்பியில் பலவற்றையும் அளக்கலாம்.

நரம்பணுக்களைத் தூண்டும் ரசாயனமான குளூட்டமேட் விஷயத்தில் மட்டும் கவனமாக இருங்கள். டெட்ரோடோடாக்சின் கொடுத்து நரம்பு மின்துடிப்பை நிறுத்தினால், குப்பியில் டோபமைன் விழுந்துவிடும். குளூட்டமேட்டின் அடிப்படை அளவோ பெரிதாக அசையாது. அதாவது, குழாயில் சேரும் குளூட்டமேட்டில் பெரும்பகுதி நரம்புச் செய்தியாக வந்ததல்ல. குளூட்டமேட் எல்லா உயிரணுக்களின் அன்றாட வேதிவினைகளிலும் இருக்கும் பொருள், நரம்பணுக்களைத் தாங்கும் துணை அணுக்களும் அதை வெளியே விடுகின்றன. குளூட்டமேட் இரண்டு மடங்கானது என்று ஆய்வேட்டில் எழுதினால், தேர்வாளர் முதலில் கேட்பது இதைப் பற்றித்தான் இருக்கும்.

மின்சாரத்தையும் சொல்லியாக வேண்டும். ஒரு மைக்ரோடயாலிசிஸ் நாள் காலை தொடங்கி மாலை வரை நீளும். நடுவில் இரண்டு மணி நேர மின்வெட்டு வந்தால் பம்பு நிற்கும், அன்றைய விலங்கும் அன்றைய உழைப்பும் போகும். 2023 போன்ற ஓர் ஆண்டை நாம் மறக்க முடியாது. இப்போது நிலைமை எவ்வளவோ மேல் என்றாலும், பம்புக்கும் கருவிக்கும் மாற்று மின்சாரம் இருக்கிறதா என்று பார்க்காமல் இந்த முறைக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். திசு முறையில் இந்த ஆபத்து மைனஸ் 80 டிகிரி உறைபெட்டி ஒன்றோடு முடிந்துவிடும்.

கார்பன் இழையும் ஒளிரும் புரதமும்

நொடிக்குள் நடப்பதைப் பார்க்க இரண்டு வழிகள் உண்டு. பிள்ளைகளின் ஆசையெல்லாம் இங்கேதான் இருக்கிறது. புரிகிறது, உண்மையிலேயே அழகான வேலை இது.

முதலாவது, வேக வோல்ட்டாமெட்ரி. சுமார் 7 மைக்ரான் தடிமனுள்ள கார்பன் இழையை மூளைக்குள் வைத்து, மைனஸ் 0.4 வோல்ட்டிலிருந்து பிளஸ் 1.3 வோல்ட் வரை ஏற்றி இறக்குவார்கள். நொடிக்கு 400 வோல்ட் வேகத்தில் போவதால் ஒரு சுற்று ஒன்பது மில்லி நொடிக்குள் முடிந்துவிடும், இது நொடிக்குப் பத்து முறை நடக்கும். டோபமைன் அந்த இழையில் பட்டதும் இரண்டு எலக்ட்ரான்களை இழக்கும், அந்த மின்னோட்டம்தான் நமக்குக் கிடைக்கும் அளவு. எலிக்கு எதிர்பாராமல் இனிப்புக் கிடைத்த அந்த நொடியில் டோபமைன் எழுவதை இதில் பார்க்கலாம்.

ஆனால் மின்னேற்றத்தில் எலக்ட்ரான் இழக்கும் பொருள்கள்தான் இதற்குத் தெரியும். குளூட்டமேட்டும் காபாவும் அசிட்டைல்கோலினும் நேரடியாகத் தெரியாது. டோபமைனும் நார்அட்ரினலினும் ஏறக்குறைய ஒரே வடிவத்தைக் காட்டும், ஆகவே இரண்டும் கலந்து கிடக்கும் மூளைப் பகுதிகளில் எது எது என்று சொல்வது கடினம். பின்னணியைக் கழித்துவிட்டுப் பார்ப்பதால் மாற்றம்தான் தெரியும், அடிப்படை அளவு தெரியாது. இழையைக் கண்ணாடிக் குழலில் செருகி முத்திரையிடக் கற்பதற்கே மாதங்கள் போகும். பக்கத்து மேசையில் இதைச் செய்பவர் ஒருவர் இல்லையென்றால் தனியாக இறங்காதீர்கள்.

இரண்டாவது, மரபணு வழியாக உயிரணுவுக்குள் வைக்கும் ஒளிரும் உணரிகள். குளூட்டமேட்டுக்கான ஐகுளூஸ்னிஃபர் 2013இல் வந்தது, டோபமைனுக்கான டிலைட்டும் கிராப் உணரியும் 2018இல் வந்தன. டோபமைன் உணரிகளின் அமைப்பு மிகவும் நேர்த்தியானது. டோபமைனைப் பிடிக்கும் இயற்கையான ஏற்பியையே எடுத்து, அதன் நடுவில் பச்சை ஒளிர்புரதத்தைச் செருகியிருக்கிறார்கள். டோபமைன் வந்து ஒட்டினால் புரதம் வடிவம் மாறி ஒளிரும். வைரஸ் ஒன்றில் அந்த மரபணுவை ஏற்றி மூளையில் செலுத்தி, சில வாரம் காத்திருந்து, மெல்லிய ஒளியிழை வழியாக நீல ஒளி விட்டுப் படிப்பார்கள். எந்த வகை அணுவில் உணரி இருக்க வேண்டும் என்றுகூட நாமே முடிவு செய்யலாம். வோல்ட்டாமெட்ரிக்குத் தெரியாத குளூட்டமேட்டும் அசிட்டைல்கோலினும் இங்கே தெரியும்.

பிறகு ஏன் எல்லோருக்கும் இதையே சொல்லவில்லை? இந்த உணரி தருவது ஒளியின் ஏற்ற இறக்கம், டோபமைனின் செறிவு அல்ல. ஒரு விலங்கில் உணரி அதிகமாகவும் மற்றொன்றில் குறைவாகவும் உருவாகியிருக்கும். ஆகவே நோயுள்ள எலியில் டோபமைன் எத்தனை சதவீதம் குறைந்தது என்ற கேள்விக்கு இதிலிருந்து நேர்ப்பதில் வராது. தாத்தாவின் நோயைப் படிக்க வந்த பிள்ளை, புதிய கருவியின் பளபளப்பில் தன் கேள்வியையே தொலைத்துவிடக் கூடாது என்பதுதான் என் கவலை. தென்னாப்பிரிக்காவின் மரபணு மாற்றிய உயிரிகள் சட்டம் 1997 இந்த வைரஸ்களுக்கும் பொருந்தும். இறக்குமதி அனுமதி, ஆய்வகப் பதிவு எல்லாம் முன்பே இருக்கும் இடமா என்று பாருங்கள். இல்லாத இடத்தில் முதல் ஆண்டு காகிதத்திலேயே கழியும்.

சரியான கேள்விக்கு ஒளிரும் உணரி எவ்வளவு பொருந்தும் என்பதற்கு நம் நாட்டிலேயே நல்ல சான்று இருக்கிறது. பன்றி நாடாப்புழுவின் குஞ்சுகள் மூளையில் தங்கினால் வலிப்பு வரும். ஈஸ்டர்ன் கேப் மாகாணத்தில் இது இன்றும் பெரிய துன்பம். கேப் டவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எலியின் மூளைச் சீவல்களிலும், அறுவை சிகிச்சையில் அகற்றிய மனித மூளைத் திசுவிலும் புழுவின் சாற்றை விட்டு, நரம்பணுக்கள் தூண்டப்படுவதை மின் அளவீட்டில் பார்த்தார்கள். காரணம் குளூட்டமேட்தானா என்று ஒளிரும் உணரியாலும் அமினோ அமிலச் சோதனையாலும் உறுதி செய்தார்கள். புழுவின் உடலிலேயே குளூட்டமேட் நிறைய இருந்தது. நொடிகளில் நடக்கும் வினை, குளூட்டமேட் என்ற ரசாயனம், கையில் மனிதத் திசு என எல்லாம் பொருந்திவந்த இடம் அது. வலிப்பைப் படிக்க விரும்புகிறவர் டர்பனில் தனியாக முட்டிமோதாமல் கேப் டவுனுக்கே போவது நல்லது. பிள்ளையை அவ்வளவு தூரம் அனுப்ப வீட்டில் தயங்குவார்கள் என்பது தெரியும். ஆனாலும் இந்தக் கேள்விக்கு அந்தத் தூரம் தகும்.

எலியைக் கொல்ல மனம் ஒப்பாவிட்டால்

புரட்டாசி மாதம் முழுவதும் அசைவம் தொடாத வீடுகள் நம்மிடையே ஏராளம். "நான் எலியைக் கொல்ல வேண்டியிருக்குமா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்கும் பிள்ளைகள் உண்டு. இது பலவீனமான கேள்வி அல்ல. விலங்கைத் தவிர்க்க முடியுமா, எண்ணிக்கையைக் குறைக்க முடியுமா, வலியைக் குறைக்க முடியுமா என்று ரஸ்ஸலும் பர்ச்சும் 1959இல் வகுத்த மூன்று நெறிகளைத்தான் நம் நாட்டுத் தர விதியான சான்ஸ் 10386-உம் கேட்கிறது. ஒப்புதல் குழுவும் அதையே கேட்கும்.

அவர்களுக்கு நான் சொல்வது சி. எலிகன்ஸ் என்ற ஒரு மில்லிமீட்டர் புழு. அதை நரம்பியலுக்குக் கொண்டுவந்த சிட்னி பிரென்னர் நம் ஜெர்மிஸ்டனில் 1927இல் பிறந்தவர், விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகத்தில் படித்தவர், 2002இல் நோபல் பெற்றவர். இருபாலினப் புழுவில் மொத்தம் 302 நரம்பணுக்கள், அவற்றில் எட்டு டோபமைன் அணுக்கள். உணவான பாக்டீரியாவின் மேல் ஏறியதும் புழு வேகத்தைக் குறைக்கும். டோபமைன் உண்டாக்க முடியாத கேட்-2 வகைப் புழு அப்படிக் குறைக்காது. நுண்ணோக்கியும் பொறுமையும் இருந்தால் டோபமைனின் வேலையைக் கண்ணெதிரே பார்க்கலாம். மூன்று நாளில் ஒரு தலைமுறை வந்துவிடுவதால் எண்ணிக்கைக்குப் பஞ்சமே இல்லை. ஒன்று மட்டும், புழுவை 20 டிகிரியில் வைக்க வேண்டும். டர்பன் ஜனவரியில் அறை வெப்பத்தில் விட்டால் முட்டையிடுவதே கெட்டுவிடும்.

அசிட்டைல்கோலினுக்கும் இதே புழுவில் ஒரு நல்ல சோதனை உண்டு. ஆல்டிகார்ப் என்ற பூச்சிமருந்து, அசிட்டைல்கோலினை வெட்டும் நொதியைத் தடுக்கும். தட்டில் அதைக் கலந்தால் புழு மெல்ல முடங்கும். முடங்க எடுக்கும் நேரத்தை வைத்து எவ்வளவு வெளியாகிறது என்று கணிக்கலாம். நம் தெருக்களில் "டூ-ஸ்டெப்" என்று திருட்டுத்தனமாக விற்ற நாய்க்கொல்லி விஷமும் இதுவேதான். 2024 அக்டோபரில் சொவெட்டோவின் நலேடியில் ஆறு குழந்தைகள் இறந்தது டெர்புஃபாஸ் என்ற வேறொரு மருந்தால், ஆனால் அதுவும் தடுப்பது இதே நொதியைத்தான். இந்தச் சோதனையைத் தேர்ந்தெடுக்கும் பிள்ளைக்குத் தன் ஊரின் துயரம் ஒன்றைப் புரிந்துகொள்ளும் வாய்ப்பும் கிடைக்கும். மருந்தைப் பூட்டி வைத்து, பதிவேட்டில் எழுதி எடுப்பது கட்டாயம்.

மனிதரிலேயே அளக்கலாமே?

அளக்கலாம், ஆனால் எம்.எஸ்சி.க்குள் இது கடினம். பெட் ஸ்கேனில் டோபமைன் நேராகத் தெரியாது. ராக்லோபிரைடு போன்ற கதிரியக்கப் பொருள் ஏற்பியில் எவ்வளவு ஒட்டுகிறது என்பதை வைத்து ஊகிக்கிறார்கள். அதில் உள்ள கார்பன்-11இன் அரை ஆயுள் 20 நிமிடம், ஆகவே அதைத் தயாரிக்கும் சைக்ளோட்ரான் அருகிலேயே இருக்க வேண்டும். எம்.ஆர்.ஐ. கருவியிலேயே செய்யும் நிறமாலை முறையில் குளூட்டமேட்டும் காபாவும் தெரியும். ஆனால் காபாவுக்கு ஏறக்குறைய 3 சென்டிமீட்டர் பக்கமுள்ள கனசதுரத்திலிருந்து பத்து நிமிடம் போலச் சேர்த்துத்தான் ஓர் எண் கிடைக்கும். டோபமைன் அளவு மிகக் குறைவு என்பதால் தெரியவே தெரியாது.

இரத்தத்திலும் சிறுநீரிலும் "மூளை ரசாயனம்" பார்த்துச் சொல்வதாக விற்கும் சோதனைகளுக்கு வீட்டார் பணம் கட்டாதீர்கள். உடலின் செரட்டோனினில் 90 சதவீதத்துக்கும் மேல் குடலில்தான் இருக்கிறது, அது மூளைத் தடுப்பைத் தாண்டிப் போவதும் இல்லை. அந்த எண்ணை வைத்து ஒருவரின் மனச்சோர்வைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது.

கையெழுத்துப் போடும் முன்

ஆக, என் பரிந்துரை இதுதான். பார்க்கின்சன், நீண்ட கால மன அழுத்தம், மூலிகைச் சாறு கொடுத்து வாரக்கணக்கில் பார்ப்பது போன்ற கேள்விகளுக்குத் திசு அளவீடும் நடத்தைச் சோதனையும். மருந்து ஒன்றின் சில மணி நேர விளைவுக்கு மைக்ரோடயாலிசிஸ், அதுவும் டோபமைன், செரட்டோனின் என்றால் மட்டும். விலங்கு வேண்டாம் என்பவருக்குப் புழு. நொடிக் கணக்குக் கேள்விகளுக்கு உணரிகள், ஆனால் அவை ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் ஆய்வகத்தில்.

மேற்பார்வையாளரைச் சந்திக்கும்போது கருவி இருக்கிறதா என்று மட்டும் கேட்டு விட்டுவிடாதீர்கள். கடைசியாக அதை இயக்கியவர் யார், அவர் இன்னும் இங்கே இருக்கிறாரா, குழாயும் உதிரிப் பாகமும் கெட்டால் எவ்வளவு நாளில் வரும் என்று கேளுங்கள். ஆள் போய்விட்ட கருவி மூடிக் கிடக்கும் அலமாரிக்குச் சமம். எலியோடு வேலை என்றால் கால்நடை மருத்துவக் கவுன்சிலின் அனுமதியும் உங்கள் பெயரில் வேண்டும். அதற்கும் ஒப்புதல் குழுவுக்கும் மாதங்கள் பிடிக்கும் என்பதால், பிப்ரவரியில் சேர்ந்ததும் முதல் வேலையாக இரண்டு விண்ணப்பங்களையும் எழுதத் தொடங்குங்கள். காத்திருக்கும் நாள்களில் எச்.பி.எல்.சி.யில் தெரிந்த அளவு டோபமைன் கரைசல்களை ஓட்டி, கருவி தரும் எண் நம்பத்தக்கதா என்று சரிபார்த்து வைத்துக்கொள்ளலாம். அதற்கு எந்த அனுமதியும் தேவையில்லை.